நடுச்சாலை நிறுத்தம்

போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் நூற்றுப் பத்துப் பேர் வேலை பார்த்தார்கள். நகரத்துப் பேருந்துகள் எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள்தான். அந்த நூற்றுப் பத்துப் பேரில் பேருந்தில் வேலைக்கு வருகிறவள் ஒரே ஒருத்தி. மற்றவர்கள் காரில் வந்து, நிறுத்த இடம் கிடைக்காமல் கட்டடத்தை மூன்று சுற்றுச் சுற்றி, ஊர் நெரிசலை வாய் வலிக்கத் திட்டியபடி படியேறுவார்கள். அவளுக்கு அலுவலகத்தில் 'பஸ் மேடம்' என்று பெயர். கேலிக்காக யாரோ வைத்தது. பதினான்கு வருடத்தில் கேலி தேய்ந்து, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அந்தப் பதினான்கு வருடமும் அவள் ஒரே காரியத்துக்காகத்தான் மல்லுக்கட்டினாள். ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் பெருஞ்சாலை, பக்கத்துக்கு நான்கு தடங்கள். காலை ஏழு மணிக்குள் எட்டுத் தடமும் கார்களால் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு காரிலும் ஒரே ஒரு ஆள். நடுவில் மாட்டிக்கொண்ட பேருந்தில் தொண்ணூறு பேர், கையைத் தூக்கினால் இறக்க இடமில்லாமல். பதினெட்டு கிலோமீட்டர் போக ஒன்றரை மணி நேரம். சாலையின் நடுவே, பக்கத்துக்கு ஒரு தடத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்கி, குறுக்கே யாரும் நுழையாதபடி முழங்கால் உயரத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டிவிட வேண்டும். நிறுத்தங்களையும் நடுச்சாலையிலேயே மேடையாக அமைத்துவிட வேண்டும். இதுதான் அவள் திட்டம்.

அவள் கணவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, காரில்தான் போவார். திட்டம் முதன்முதலில் பத்திரிகையில் வந்த அன்று, அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, "எல்லாப் பொண்டாட்டியும் புருஷன் வழியிலதான் குறுக்க நிப்பாங்க. என் பொண்டாட்டி ஊருக்கே குறுக்க நிக்கிறா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காரோட்டிகள் சங்கம் சிரிக்கவில்லை. இரண்டு முறை நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. இரண்டு முறையும் இவள் கட்டுக்கட்டாகக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடந்து தடையை உடைத்தாள்.

பேருந்தில் அவளுக்கு ஒரு சிநேகிதி இருந்தார். அரசு மருத்துவமனையில் வார்டு ஆயாவாக வேலை பார்த்தவர். ஐம்பது வயது தாண்டியவர். ஒல்லி உடம்பு, முட்டிவலி, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய சிரிப்பு. பஸ் மேடம் ஏறி இரண்டு நிறுத்தம் கழித்து ஏறுவார். ஆறு வருடமாக ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பயணம் செய்தவர்கள். பஸ் மேடம் அவரை ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

இவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஆயாம்மாவுக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

"அடக் கடவுளே! அப்போ இந்தக் கஷ்டத்துக்கெல்லாம் நீங்கதான் காரணமா? ஆள பக்கத்துலயே வெச்சுக்கிட்டு, இத்தன நாளா ஊர்ல இருக்கிறவனையெல்லாம் திட்டிட்டு இருந்திருக்கேனே!" என்று பேருந்தே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

தடுப்புச்சுவர் எழும்பி மேடைகளும் முடியும் நேரத்தில், ஒரு நாள் காலையில் ஆயாம்மா சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நடுரோட்டுல ஸ்டாப் வெச்சிருக்கீங்களே, என்னை மாதிரி முட்டி போனவ எப்படி அங்க போய்ச் சேர்றது? மூணு வரிச கார தாண்டணுமே?"

"சிக்னல் வருது ஆயாம்மா. பட்டன அழுத்தினா கார் நிக்கும். நீங்க ராணி மாதிரி நடந்து போலாம்."

"பட்டன அழுத்தினா நிக்குமா? என் வீட்டுல பெத்த பொண்ணே நான் சொன்னா நிக்க மாட்டேங்குறா."

சிக்னல் கம்பங்கள் வந்துவிட்டிருந்தன. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே நட்டு, விளக்குகளைச் சாக்குத்துணியால் மூடி வைத்திருந்தார்கள். விளக்கு எரியப் போக்குவரத்துக் காவல் துறை ஒப்புதல் தர வேண்டும். இருபத்தைந்து வினாடி கார்களை நிறுத்தினால் பின்னால் எவ்வளவு தூரம் தேங்கும் என்று ஆறு மாதம் ஆராய வேண்டும் என்று எழுதிவிட்டு, அவர்கள் கோப்பைக் கிடப்பில் போட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருந்தபோது இயக்குநர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் பாதுகாப்புச் சான்றிதழ் படிவம் இருந்தது. மொத்தம் ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். கடைசியில் திட்டப் பொறியாளரின் கையெழுத்து. ஐந்தாவது கேள்வி, பாதசாரிகள் கடப்பதற்கான சிக்னல்.

"இதுல எப்படி சார் டிக் போடறது? லைட்டே எரியலயே" என்றாள்.

"கம்பம் இருக்கா இல்லையா?"

"கம்பம் இருக்கு."

"சிக்னல் இருக்கான்னுதானேம்மா கேட்டிருக்கான். எரியுதான்னா கேட்டிருக்கான்?"

அவர் கெட்டவர் இல்லை. இந்தத் தடத்துக்காக மேலிடத்தில் எத்தனையோ பேரிடம் வசவு வாங்கியவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"ரெண்டு மாசம் தள்ளி வைங்க சார். நான் அவங்க ஆபீஸ் வாசல்லயே உக்காந்து ஒப்புதல் வாங்கிட்டு வர்றேன்."

"பாரும்மா. அடுத்த மாசம் அமைச்சர் மாறுவார்னு பேச்சு அடிபடுது. சங்கத்துக்காரங்க மூணாவது கேஸுக்கு வக்கீல் வெச்சாச்சு. இப்போ திறக்கலன்னா எப்பவுமே திறக்க மாட்டோம். உனக்கு இது தெரியும். என்னைவிட நல்லாத் தெரியும்."

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிவப்புக் கொடியோடு இரண்டு ஆட்கள் நின்று கார்களை நிறுத்த வேண்டும், விளக்கு எரியும்வரை அவர்கள் நிற்க வேண்டும் என்று கேட்டாள். இயக்குநர் உடனே சரி என்றார். அவள் ஐந்தாவது கேள்வியில் 'உண்டு' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டாள். பேனாவை மூடிவிட்டுப் படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். 

தடம் திறந்தது. ஒன்றரை மணி நேரப் பயணம் முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. முதல் நாள் பேருந்து நின்றிருந்த கார்களைக் கடந்து ஓடியபோது உள்ளே இருந்தவர்கள் நம்ப முடியாமல் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரோ ஒருவர் கை தட்ட, பேருந்து முழுக்கத் தட்டியது. பஸ் மேடம் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷத்துல முத தடவையா நேத்து வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனேன்" என்றார் ஆயாம்மா இரண்டாம் நாள். "என் பொண்ணு கதவத் தொறந்துட்டு, வேலைய விட்டுத் தொரத்திட்டாங்களான்னு கேக்குறா!"

கொடி ஆட்கள் ஒரு வாரம் நின்றார்கள். எட்டாம் நாள் வேறெங்கோ ஒரு பாலத் திறப்புக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் ஒரு கடிதம் எழுதினாள். மூன்று நாள் கழித்து இன்னொன்று எழுதினாள். இரண்டாவதற்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அதற்குள் மக்கள் தாங்களாகவே ஒரு வழி பழகிக்கொண்டார்கள். பத்துப் பேர் சேரும்வரை நடைபாதையில் காத்திருந்து, கூட்டமாகக் கையை நீட்டிக்கொண்டு இறங்குவார்கள். கார்கள் வேறு வழியில்லாமல் நிற்கும். அவளும் அப்படித்தான் தினமும் கடந்தாள். மூன்றாவது தடத்தைத் தாண்டும்வரை மூச்சுவிட மாட்டாள்.

பத்தொன்பதாம் நாள் மாலை ஐந்தே காலுக்குப் பணிமனையிலிருந்து தொலைபேசி வந்தது. மருத்துவமனை நிறுத்தத்தில் விபத்து, ஒரு பெண்மணி அடிபட்டுவிட்டார், மருத்துவமனைச் சீருடை போட்டிருக்கிறார் என்றார்கள். அவள் பையைக்கூட எடுக்காமல் கீழே ஓடி, வந்த பேருந்தில் ஏறினாள். வெளியே கார்கள் அசையாமல் நின்றன. அவள் போட்ட தடம் அவளை ஒன்பதே நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆயாம்மா அங்கே இல்லை. எதிரே இருந்த மருத்துவமனையிலிருந்து அவரோடு வேலை பார்க்கிறவர்களே ஓடிவந்து, அவர் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டு திரிந்த ஸ்ட்ரெச்சரில் அவரைப் படுக்க வைத்துத் தள்ளிப் போயிருந்தார்கள். அவசரப் பிரிவின் வாசலைத் தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது.

இடித்த கார் ஓரமாக நின்றது. ஓட்டியவர் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்த ஒரு தகப்பன். பின்னிருக்கையில் சிறுமி ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வேகமாகவும் வரவில்லை, குடிக்கவும் இல்லை. "எதுவும் தெரியல, பக்கத்து வண்டி மறைச்சிடுச்சு" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடையின் விளிம்பில் பேருந்து ஓட்டுநர் உட்கார்ந்திருந்தான். ஆள் வளர்த்தியாக இருப்பதால் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தத் தடத்தில் முதல் நாள் முதல் வண்டியை ஓட்டியவன் அவன்தான். அவளைப் பார்த்ததும் பேசத் தொடங்கினான்.

"எனக்குத் தெரிஞ்சவங்க மேடம். தினமும் ஏறுவாங்க. அந்தப் பக்கம் நிக்கிறதப் பார்த்தேன். கூட யாரும் இல்ல. ரெண்டு லைன் கார் நின்னுடுச்சு. அவங்க மெதுவா வந்தாங்க. நான் கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு..." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வெயிட் பண்றேன், வாங்கன்னு சொல்றதுக்காக ஒரு சின்ன ஹாரன் அடிச்சேன் மேடம். கேலியாத்தான். அவங்க சிரிச்சுக்கிட்டே கொஞ்சம் வேகமா காலெடுத்து வெச்சாங்க."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நேர் எதிரே, சாக்குத்துணி போர்த்திய கம்பம் நின்றது.

இரண்டே நாளில் விளக்கு எரிந்தது. ஆறு மாத ஆராய்ச்சி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இயக்குநர் மறுபடி கூப்பிட்டார். காவல் துறையின் முதல் அறிக்கை அவர் கையில் இருந்தது. 'பாதசாரி கவனக்குறைவாகத் திடீரெனக் குறுக்கே ஓடியதால்' என்று எழுதியிருந்தது. விசாரணைக் குழுவுக்குத் திட்டப் பொறியாளரும் ஓர் அறிக்கை தர வேண்டும்.

"இதையே நீயும் எழுதிடு" என்றார்.

"அவங்க ஓடல சார். அவங்களால ஓடவே முடியாது."

"தெரியும். உக்காரு. நீ உண்மைய எழுதினா என்ன ஆகும்? லைட் எரியாம திறந்தோம்னு எழுதணும். தப்பா டிக் போட்டேன்னு எழுதணும். உன்னையும் என்னையும் விடு. சங்கத்துக்காரன் அந்தப் பேப்பர எடுத்துட்டுப் போய் ஜட்ஜ் முன்னாடி வெப்பான். ஒரே நாள்ல தடத்த மூடிடுவாங்க. தினம் ஒரு லட்சம் பேரும்மா. செத்துப் போனவங்க பேர்ல ஒரு வரி. அந்தப் பக்கம் ஒரு லட்சம் பேர்."

கணக்கில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இதே கணக்கைப் போட்டுத்தான் அவளும் கையெழுத்திட்டிருந்தாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் அன்றைக்கு எந்தக் கேலியும் செய்யவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எழுதாத. எழுதினா உன் மேல கேஸ் போடுவாங்க. நீ ராத்திரி பகல் பார்க்காம கட்டினத உன் கையாலயே இடிச்ச மாதிரி ஆயிடும். அந்தம்மா திரும்பி வரவா போறாங்க?"

"வர மாட்டாங்க" என்றாள்.

மறுநாள் ஆயாம்மாவின் வீட்டைத் தேடிப் போனாள். நான்கு மாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, இரண்டு அறை. படியேறும்போதுதான், அந்த முட்டியோடு ஆயாம்மா தினமும் இத்தனை படி ஏறியிருக்கிறார் என்று உறைத்தது. மகள் கதவைத் திறந்தாள். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை. இவளைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டாள்.

"நீங்கதான் பஸ் மேடமா? அம்மா உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல. உள்ள வாங்க."

உள்ளே கொடியில் மருத்துவமனைச் சீருடை இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. துவைத்துப் போட்டவர் எடுத்து மடிக்க வரவில்லை. மகளுக்கு எடுக்க மனசில்லை போலும்.

சொல்ல வந்ததை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பஸ் மேடம் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள்தான் பேசினாள்.

"ஓடினாங்கன்னு எழுதிருக்காங்க மேடம். போலீஸ்ல படிச்சுக் காட்டினாங்க. எங்கம்மா அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாலே அந்தண்ட ரூமிலருந்து வந்து சேர அஞ்சு நிமிஷம் ஆகும். அவங்களா ஓடினாங்க? எனக்கு வேற எதுவும் வேணாம். அம்மா தப்புன்னு மட்டும் எழுத வேணாம்னு சொல்லுங்க. நீங்க பெரிய ஆபீஸ்ல இருக்கீங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"தப்பு என்னோடது" என்றாள் பஸ் மேடம். கம்பத்தைப் பற்றியும் படிவத்தைப் பற்றியும் ஐந்தாவது கேள்வியைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆயாம்மா சன்னல் ஓரம் கேட்ட கேள்வியையும், தான் சொன்ன பதிலையும் சொன்னாள்.

மகள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் மேடம் படியிறங்கி வந்தாள்.

அன்றைக்கே அறிக்கையை எழுதினாள். இரண்டு பக்கம். சிக்னல் இயங்கவில்லை, அது தெரிந்தே சான்றளித்தேன், பாதசாரி நடந்துதான் கடந்தார், அவர்மீது எந்தத் தவறும் இல்லை. நெட்டையின் ஹாரனைப் பற்றி அவள் எழுதவில்லை. விசாரணைக் குழு முன் அவனே போய்ச் சொன்னான். ஹாரன் அடிப்பது குற்றமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் மறுநாளிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பணிமனையில் வண்டி கழுவும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான்.

இயக்குநர் சொன்னது அப்படியே நடந்தது. ஒரு நாளில் நடக்காமல் ஒன்பது நாளில் நடந்தது, அவ்வளவுதான். பொறியாளரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று காரோட்டிகள் சங்கத்தின் வக்கீல் அவள் அறிக்கையை வரி வரியாகப் படித்தார். பாதுகாப்பற்ற தடத்தை மறு உத்தரவு வரை மூட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இப்போது சிக்னல் எரிகிறதே என்று அவள் எழுந்து நின்று சொன்னாள். துறை தன் வக்கீல் மூலமாகத்தான் பேச வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

தடுப்புச்சுவரை இடித்தார்கள். நடைபாதைக்குத் திரும்பிய நிறுத்தங்களில் பழைய கூட்டம் சேர்ந்தது. கடக்க வேண்டிய தேவை இல்லையென்று சிக்னல்களை அணைத்தார்கள். காவல் துறையின் அறிக்கையில் 'கவனக்குறைவாகத் திடீரெனக் குறுக்கே ஓடியதால்' என்பதை 'நடந்து கடந்தபோது' என்று மாற்றினார்கள். ஒரு வரிதான் மாறியது. அதன் நகல் ஒன்றை மகளுக்கு அனுப்பினார்கள்.

அவள்மீது துறை விசாரணை தொடங்கியது. முடிவு தெரியும்வரை பயணச்சீட்டுத் தாள்கள் அடுக்கி வைக்கும் கிடங்குக்கு அவளை மாற்றினார்கள். இயக்குநர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். கணவர் மட்டும் எப்போதும்போல் காலையில் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஒரு நாள் காரை எடுக்காமல் அவளோடு நிறுத்தம்வரை நடந்து வந்தார். பேருந்து வந்ததும் கூட்டத்துக்குள் அவளை ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் ஆயாம்மாவின் மகள் அதே பேருந்தில் ஏறினாள். தொழிற்சாலை இடம் மாறிவிட்டதாம். இனி இந்த வழியாகத்தான் போக வேண்டுமாம். கூட்டம் தள்ளித் தள்ளி அவளை பஸ் மேடத்தின் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. திரும்பிக்கொள்ளவும் இடமில்லை. பேருந்து கொஞ்ச தூரம் ஊர்ந்தது. பிறகு அசையாமல் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம்.

"பேப்பர் வந்துச்சு" என்றாள் மகள். "அம்மா நடந்துதான் போனாங்கன்னு போட்டிருந்தாங்க."

"ம்."

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு பக்கத்து வீட்டுல எல்லாரும் சொல்றாங்க. வேலை போனாலும் பரவாயில்லன்னு உண்மைய எழுதினாங்களேன்னு." அவள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "எனக்கு வரல மேடம். எவ்வளவு முயற்சி பண்ணியும் வரல."

"வர வேணாம்மா."

"கையெழுத்துப் போடாம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க. போட்டப்புறம் வாயத் தொறக்காம இருந்திருந்தா பஸ்ஸாவது ஓடிட்டிருக்கும். ரெண்டும் இல்லாம போச்சு. நான்தான் உங்கள எழுதச் சொன்னேன். அதையும் நினைச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன்."

நீ சொன்னதற்காக எழுதவில்லை என்று பஸ் மேடம் சொல்ல நினைத்தாள். அது உண்மையா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு மணிக்கு ஒரு நிமிடம் தாமதமானாலும் தொழிற்சாலையில் வாசல் கதவைச் சாத்திவிடுவார்களாம். "கதவத் தொறங்க, இறங்கிக்கிறேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே கூட்டத்தை விலக்கி முன்னால் போனாள். ஓட்டுநர் சலித்துக்கொண்டே கதவைத் திறந்தார். அவள் குதித்து இறங்கி, நின்றிருந்த கார்களுக்கு நடுவே புகுந்து நடைபாதை ஏறி, வேகமாக நடந்தாள். பஸ் மேடம் தலையைக் குனிந்து சன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேருந்து இரண்டு அடி நகர்ந்து மறுபடி நின்றது. மகள் அதைத் தாண்டி, முன்னால் நின்ற பேருந்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.